ஜெர்மன் வசவுக்கு ஆங்கிலத்தில் எது சரி: சொல்லுக்குச் சொல்லா, சூட்டுக்குச் சூடா?

2022 மே மாதம் ஜெர்மனிக்கான உக்ரைன் தூதர் ஆந்திரி மெல்னிக், அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸைக் கடிந்துகொண்டார். ‘பெலைடிக்டே லேபர்வுர்ஸ்ட்’ போல நடந்துகொள்வது ஓர் அரசியல் தலைவருக்கு அழகில்லை என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘அவமானப்பட்ட ஈரல் சாசேஜ்’. ஏப்ரலில் ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர் கீவுக்கு வருவதை உக்ரைன் தரப்பு ஏற்கவில்லை. அதைக் காரணம் காட்டி ஷோல்ஸும் போகாமல் முறுக்கிக்கொண்டிருந்தார். அதற்கு விழுந்த குத்து இது.

ஆங்கில ஊடகங்கள் பலவும் ‘ஆஃபெண்டட் லிவர் சாசேஜ்’ என்று அப்படியே போட்டு, கூடவே விளக்கமும் தந்தன. படிக்க வேடிக்கையாக இருந்தது. ஆனால் ஜெர்மன்காரருக்கு இதில் சாசேஜே கண்ணில் படாது; மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் குழந்தையிடம் வீட்டில் சொல்கிற சாதாரணப் பேச்சு. ஆங்கிலத்திலோ தூதர் ஏதோ விசித்திரக் கவிதை சொன்னதுபோல ஆகிவிடுகிறது.

‘சல்கிங்’ என்று நேராகப் போட்டால் பொருள் சரி, சுவை போச்சு. ‘ப்ரைமா டோனா’ என்றால் திமிர் வந்து ஒட்டிக்கொள்ளும். லேபர்வுர்ஸ்ட்டுக்குத் திமிர் கிடையாது, கோபித்துக்கொண்ட சிணுங்கல்தான். ‘ஹிஸ்ஸி ஃபிட்’ சுத்தமாகத் தப்பு. அது கத்திக் கூப்பாடு போடுவது, இது வாயை மூடிக்கொண்டு உம்மென்று இருப்பது. நாவலிலோ சப்டைட்டிலிலோ வந்தால் நான் ‘இன் அ ஹஃப்’ (முறுக்கிக்கொண்டு) என்பதைத்தான் எடுப்பேன். செய்தியில் மட்டும் சாசேஜை விட்டுவைக்கலாம், ஏனென்றால் அன்றைக்கு சாசேஜ்தான் செய்தியே.

அடுத்தது இன்னும் காரமானது. 1984 அக்டோபர் 18, அப்போதைய மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பானில் நாடாளுமன்றம். பசுமைக் கட்சி உறுப்பினர் யோஷ்கா ஃபிஷர் (பின்னாளில் வெளியுறவு அமைச்சர் ஆனவர்) அவையை நடத்திக்கொண்டிருந்த துணைத் தலைவர் ரிச்சர்ட் ஷ்ட்யூக்லெனைப் பார்த்துச் சொன்னது: ‘மிட் ஃபெர்லௌப், ஹெர் ப்ரெசிடென்ட், ஸீ ஸிண்ட் ஐன் ஆர்ஷ்லோஹ்.’ அதாவது, ‘அனுமதியோடு சொல்கிறேன், தலைவரே, நீங்கள் ஒரு குதவாய்.’

கடைசிச் சொல்லில் சிக்கலே இல்லை. பிரிட்டனுக்கு ‘ஆர்ஸ்ஹோல்’, அமெரிக்காவுக்கு ‘ஆஸ்ஹோல்’, அவ்வளவுதான். தகராறு முன்பாதியில். ‘மிஸ்டர் பிரசிடென்ட்’ என்று வைத்தால் அமெரிக்க வாசகர் வெள்ளை மாளிகைக்குப் போய்விடுவார். ‘மிஸ்டர் ஸ்பீக்கர்’ என்றால் அவை கண்முன் வரும். ‘மிட் ஃபெர்லௌப்’ என்பதற்கு ‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’ பலருக்கும் கை தானாகப் போகும் இடம். அது தேய்ந்துபோன தொடர். அதைக் கேட்டதுமே பின்னால் திட்டு வருகிறது என்று ஆங்கிலக் காது உஷாராகிவிடும். ‘இஃப் யூ வில் பார்டன் மீ’ என்றால் நிஜமாகவே அனுமதி கேட்கிற பவ்யம் இருக்கும், அடுத்த நொடி அடி விழும். என் ஓட்டு இதற்கே. ஆனாலும் எந்த ஆங்கில வடிவத்திலும் வராத ஒன்று உண்டு: அந்த ‘ஸீ’. ‘நீ’ இல்லை, ‘நீங்கள்’. மரியாதைப் பன்மை குலையாமல் திட்டுவதில் உள்ள ருசி தமிழில் சுலபமாக வந்துவிடும், ஆங்கிலத்தில் அதற்கு வழியே இல்லை.

‘ஹஸ்ட் டூ நோஹ் ஆலே டாஸ்ஸென் இம் ஷ்ராங்க்?’ அலமாரியில் கப்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நம்மூர்க் கணக்கில், மறை கழண்டுபோச்சா? இதற்கு ஆங்கிலத்தில் ‘அ ஃப்யூ சாண்ட்விச்சஸ் ஷார்ட் ஆஃப் அ பிக்னிக்’ என்று ஜோடி சேர்ப்பவர்கள் உண்டு. கப்புக்கு சாண்ட்விச், பார்க்கப் பொருத்தம்தான். ஆனால் சாண்ட்விச் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் பேசுவது. ஜெர்மன் கேள்வி முகத்துக்கு நேரே வருவது. ‘ஹேவ் யூ லாஸ்ட் யுவர் மார்பிள்ஸ்?’ போதும்.

மிருகங்களில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ‘டும்மே கூ’ (முட்டாள் பசு) பிரிட்டிஷ் ‘ஸ்டூப்பிட் கௌ’வோடு அச்சாகப் பொருந்தும். அதே தைரியத்தில் ‘டும்மே கான்ஸ்’ (முட்டாள் வாத்து) என்பதை ‘சில்லி கூஸ்’ ஆக்கினால் வசவு கொஞ்சலாகிவிடும். ‘ஆர்மெஸ் ஷ்வைன்’ ஏழைப் பன்றி இல்லை, ‘புவர் டெவில்’. அங்கே இருப்பது இரக்கம்.

சூட்டை அளந்து பார்க்க நல்ல இடம், ‘எனக்கென்ன’ என்கிற அலட்சியம். ‘எகால்’ என்றால் சும்மா ‘ஐ டோன்ட் மைண்ட்’. ‘தாஸ் இஸ்ட் மீர் வுர்ஸ்ட்’ (மறுபடியும் சாசேஜ், என்ன செய்வது) கொஞ்சம் துடுக்கு, ‘குடுன்ட் கேர் லெஸ்’. ‘ஷைஸ்எகால்’ வந்தால்தான் ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தையைத் தொட வேண்டும். பலர் நடுவில் உள்ளதற்கே ‘டோன்ட் கிவ் அ ஷிட்’ போட்டு, சாதுவான கதாபாத்திரத்தை ரவுடி ஆக்கிவிடுகிறார்கள். எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஆங்கிலத்திலிருந்து போன ‘ஷிட்ஸ்டார்ம்’ ஜெர்மனில் இணையக் கண்டனம் என்ற அளவுக்கு அடங்கிவிட்டது. 2013இல் டூடன் அகராதியே சேர்த்துக்கொண்டது. 2018இல் ஆங்கெலா மெர்க்கெல் ஒரு டிஜிட்டல் மாநாட்டு மேடையில் அதைச் சர்வசாதாரணமாகச் சொன்னபோது அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை, ஆங்கில ஊடகங்கள்தான் புருவம் உயர்த்தின. அவர் பேச்சை மொழிபெயர்ப்பவர் ‘பேக்லாஷ்’ என்று மாற்றுவதே நியாயம்.

‘ஷ்வைன்ஹுண்ட்’ (சொல்லுக்குச் சொல் ‘பன்றிநாய்’) மட்டும் ஒரே விடைக்கு அடங்காது. 1932 பிப்ரவரியில் சமூக ஜனநாயகக் கட்சி உறுப்பினர் கூர்ட் ஷூமாகர் நாடாளுமன்றத்தில் எழுந்து, நாஜிப் பிரச்சாரம் முழுவதுமே மனிதனுக்குள் இருக்கும் ஷ்வைன்ஹுண்டுக்கு விடுக்கும் ஓயாத அழைப்பு என்றார். அங்கே ‘பேஸ் இன்ஸ்டிங்ட்ஸ்’ பாடப்புத்தக வாடை அடிக்கும்; ‘தி இன்னர் ஸ்வைன்’ வேண்டும், மிருகம் நாற வேண்டும். இன்றைக்கு அதே ‘உள் ஷ்வைன்ஹுண்டை’ வென்றுதான் ஜெர்மன்காரர் காலையில் ஓடப் போகிறார். அவருக்கு ‘லேஸி ஸைட்’ தாராளம்.