ஐடி என்று பெயர் வைத்தால் ஐடி ஆகிவிடாது

எங்கள் நூல் பட்டியல் எக்ஸ்எம்எல்லில், அதாவது தரவைக் குறிச்சொற்களுக்குள் எழுதும் வடிவத்தில், இருக்கிறது. அதைச் சரிபார்ப்பது ஒரு பழைய டிடிடி, அதாவது எந்த உறுப்பு, எந்தப் பண்புக்கூறு எங்கே வரலாம் என்று சொல்லும் விதிப் பட்டியல். புதிதாகப் பட்டியல் தொடங்கும் நண்பர் ஒருவர், "இதே வழியில் போகலாமா?" என்று கேட்டார்.

என் தீராத எரிச்சல் இதுதான். ஒரு பண்புக்கூறுக்கு (குறிச்சொல்லுக்குள் எழுதும் பெயரும் மதிப்பும்) ஐடி என்று பெயர் வைத்தால் மட்டும் அது ஐடி, அதாவது ஆவணத்தில் ஓர் உறுப்புக்கே உரிய அடையாளம், ஆகாது. டிடிடியில் பண்புக்கூறுகளை அறிவிக்கும் ஏடிடிலிஸ்டில் அதன் வகையையும் ஐடி என்று அறிவிக்க வேண்டும். சரி, அறிவித்தாயிற்று. அந்த அறிவிப்பு வெளிக் கோப்பில் இருந்தால், சரிபார்க்காத பார்சர் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்) அதைப் படிக்கவே தேவையில்லை என்று 1998ஆம் ஆண்டின் எக்ஸ்எம்எல் விதிமுறையே சலுகை தந்திருக்கிறது! அதனால் ஒரு கருவியில், ஐடியைக் கொடுத்து உறுப்பைத் தேடும் கெட்எலிமென்ட்பைஐடி கேட்ட உறுப்பைக் கொண்டுவந்து கொடுக்கும். இன்னொன்றில், அதே கோப்புக்கு, வெற்று மதிப்புதான். பிழைச் செய்திகூடக் கிடையாது. அறிவிப்பை ஆவணத்தின் தலையிலேயே எழுதினால் தப்பிக்கலாம், ஆனால் ஒவ்வொரு கோப்பிலும் எழுத வேண்டும். 2005இல், அறிவிப்பு இல்லாமலே ஐடியாகக் கொள்ளப்படும் எக்ஸ்எம்எல்:ஐடி என்ற பண்புக்கூறு வந்தது இந்தத் தொல்லைக்காகத்தான். டிடிடி சரிபார்ப்பில் தேற வேண்டுமென்றால் அதையும் அறிவித்தே ஆக வேண்டும் என்பது தனிக் கொடுமை.

பதிவெண் 4017 ஐடியாகாது. பெயர் எண்ணில் தொடங்கக் கூடாதாம். ப4017 என்று எழுதுகிறோம். வேடிக்கை என்னவென்றால், 2008இல் வந்த எக்ஸ்எம்எல் விதிமுறையின் ஐந்தாம் பதிப்பின்படி தமிழ் இலக்கமான ௪ முதலில் வரலாம், 4 வரக் கூடாது.

ஆனால் இன்னோர் உறுப்பின் ஐடியைச் சுட்டும் ஐடிரெஃப் வகை இருக்கிறதே, அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஓர் ஆசிரியரின் பதிவை நீக்கினால், அவரைச் சுட்டிக்கொண்டிருந்த நூல்களை எல்லாம் சரிபார்ப்பான் வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதற்காக நான் ஒரு வரி நிரலும் எழுதவில்லை. ஆசிரியரைச் சுட்ட வேண்டிய இடத்தில் பதிப்பகத்தின் ஐடியைப் போட்டால் மட்டும் வாய் திறக்காது. ஆவணத்தில் அப்படி ஓர் ஐடி இருந்தால் அதற்குப் போதும்.

நண்பரிடம் வேண்டாம் என்றேன். டிடிடியின் வேலையையே செய்யும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில், ஐடி, ஐடிரெஃப் போலவே கீ, கீரெஃப் இருக்கின்றன. எண்ணையும் ஏற்கும், ஆசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் தனித்தனி வரம்பு வைக்கலாம். அப்படியானால் நீங்களும் மாறுவீர்களா என்றார். மாட்டேன். எங்கள் டிடிடி ஒரே பக்கத்தில் அடங்குகிறது. அதையே ஸ்கீமாவாக எழுதிப் பார்த்த பக்கங்களை இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை.