விருப்பப் பாடங்கள்: திருப்பூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றைப் பற்றி ஒரு பெற்றோரின் மதிப்பீடு

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் இடையே திருச்சபை ஒன்று நடத்திவரும் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து, இந்த மார்ச்சில் பிளஸ் டூ தேர்வை எழுதி முடித்தாள். மேல்வகுப்பு மாணவர்களுக்கென்று அந்தப் பள்ளி நடத்தும் விருப்பப் பாடங்களில் இரண்டை அவள் இந்த இரண்டு ஆண்டுகளில் படித்தாள். வரும் ஜூனில் இளையவனும் அங்கேயே பிளஸ் ஒன் சேரவிருக்கிறான். சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் எங்கள் பனியன் கம்பெனி வட்டாரத்தில் தெரிந்தவர்கள் பலரும் இந்தப் பாடங்களைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட, நான் பார்த்ததை முழுமையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் சேரும்போது நாம் தேர்ந்தெடுப்பது 'குரூப்'. தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றோடு நான்கு முதன்மைப் பாடங்கள், மொத்தம் 600 மதிப்பெண்கள் என்பது அதன் கணக்கு. இந்தப் பள்ளி 'விருப்பப் பாடம்' என்று சொல்வது இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகலின் கடைசி இரண்டு பாடவேளைகளில், ஆண்டுக்கு ஒன்று என்ற முறையில், ஆறு பாடங்களிலிருந்து மாணவர் ஒன்றைப் படிக்கலாம். அரசு மதிப்பெண் சான்றிதழில் இது இடம்பெறாது. பள்ளி தன் பெயரில் ஒரு சான்றிதழ் தரும், அவ்வளவுதான். நெசவு, வேளாண்மை, செவிலியம் போன்றவற்றையே முதன்மைப் பாடமாகப் படிக்கும் அரசின் தொழிற்கல்விப் பிரிவும் இதுவும் ஒன்றல்ல. பொறியியல், வேளாண்மைப் படிப்புகளின் சேர்க்கையில் தொழிற்கல்விப் பிரிவினருக்கு உள்ள தனி ஒதுக்கீட்டை இந்த விருப்பப் பாடத்தைக் காட்டிக் கேட்க முடியாது. அப்படிக் கேட்கலாம் என்று நம்பிச் சேர்த்த இரண்டு பெற்றோரை எனக்குத் தெரியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆறில் மிகச் சிறந்தது ஆடையியல். பழைய சாமான் அறை ஒன்றைச் சுத்தம் செய்து, ஒரு சிங்கர், ஒரு ஓவர்லாக், ஒரு பேட்லாக் ஆகிய மூன்று தையல் இயந்திரங்களைப் போட்டிருக்கிறார்கள். மூன்றும் பழையவை, அங்கே படித்து இப்போது ஏற்றுமதி செய்யும் ஒருவர் கொடுத்தவை. பாடம் நடத்துபவர் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். முதல் நான்கு வாரங்களுக்கு அவர் எவரையும் இயந்திரத்தில் உட்காரவிடவில்லை. துணியைப் பிரித்து நூலை எடுக்கச் சொன்னார், நூலின் நம்பரைக் கண்டுபிடிக்கச் சொன்னார். 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் (நூல் சுற்றுகள்) ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை வருகின்றனவோ அதுவே நூலின் நம்பர் என்பதும், அதனால்தான் நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது என்பதும், '30-ஆம் நம்பர் நூல்' என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும் எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். இருபது பேரில் ஒருவர் சொன்னால் அதிகம்.

அடுத்துத் துணியின் எடை. வட்டமாக வெட்டும் கட்டரைத் துணியின் மேல் வைத்து அழுத்தித் திருப்பினால், சரியாக 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வில்லை ஒன்று வரும். அதைச் சிறிய தராசில் வைத்து, வரும் கிராம் கணக்கை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிடைத்துவிடும். கரையோரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, எதிர்க் கரையில் ஒன்று என மூன்று வில்லைகள் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் கற்றுக்கொடுத்திருக்கிறார். கட்டரையும் தராசையும் ஒரு சனிக்கிழமை கேட்டு வாங்கிவந்த மகள், எங்கள் கம்பெனியில் தையலுக்கு வந்திருந்த ஒரு ரோலில் மூன்று வில்லைகளை வெட்டினாள். "அப்பா, சலான்ல 180-ன்னு போட்டிருக்குதுங்க, இது 168 தானுங்க வருது" என்றாள். மூன்று வில்லைகளையும் நானே மறுபடி நிறுத்துப் பார்த்தேன், 1.66, 1.68, 1.70 கிராம். பதினான்கு ஆண்டுகளாக ஜாப் ஒர்க் செய்யும் நான் அதுவரை சலானில், அதாவது துணியோடு வரும் சீட்டில், எழுதியிருந்த எண்ணையே நம்பித் தைத்துக் கொடுத்து வந்தேன். அந்த வாரத்திலேயே எங்களுக்கென ஒரு கட்டரும் தராசும் வாங்கிவிட்டோம். துணியில் 50 சென்டிமீட்டருக்குக் குறியிட்டு, துவைத்து உலர்த்தி, 47.5 ஆகியிருந்தால் சுருக்கம் 5 விழுக்காடு என்று கணக்கிடும் சோதனையையும் இப்போது ஒவ்வொரு லாட்டுக்கும் செய்கிறோம்.

ஆசிரியர் மாணவர்களைப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கும் அழைத்துச் சென்றார். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு ஏன் வேண்டியிருக்கிறது, அந்த உப்பு நீரோடு நொய்யலில் கலந்தபோது என்ன ஆயிற்று, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்குத் தொழில் எப்படி மாறியது என்பதையெல்லாம் அங்கேயே நின்று விளக்கியிருக்கிறார். நீரைச் சவ்வின் வழியே அழுத்திப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி, திரும்ப எடுத்த உப்பைக் கையில் அள்ளிப் பார்த்ததாக மகள் சொன்னாள். பட்டறைகள் மூடிக் கிடந்த அந்த மாதங்களில் வேலையின்றி வீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தக் கதையை என் பிள்ளை பள்ளியில் கற்றுக்கொண்டு வந்து என்னிடமே கேள்வி கேட்டது எனக்குப் பெரிய விஷயம். கோவையில் 1862-இல் பள்ளி தொடங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ்தான் பின்னர் 1888-இல் நூற்பாலையையும் தொடங்கினார் என்பதை நினைத்தால், இந்த மண்ணில் கிறிஸ்தவப் பள்ளியும் பஞ்சுத் தொழிலும் நெடுநாளாகவே பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தவை என்று தோன்றுகிறது.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது பாடகர் குழு. என் மகள் முதல் ஆண்டில் படித்தது இதைத்தான். நாற்பது பேர் கொண்ட அந்தக் குழுவில் ஏறக்குறைய பாதிப் பேர் எங்களைப் போன்ற இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். முதலில் டோ, ரே, மீ என்று சொல்லும் ஸோல்ஃபா முறையில் சுரங்களைப் பாடவைத்து, பிறகு ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடப் பழக்குகிறார்கள். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என, உயர்ந்த குரலிலிருந்து தாழ்ந்த குரல் வரை நான்கு குரல்களாகப் பிரித்து நிற்கவைக்கும்போது, பிள்ளைகளுக்கு மிகக் கடினமாக இருப்பது பாடுவதைவிடக் கேட்பதுதான். ஆல்டோவில் நின்ற என் மகள், பக்கத்தில் சோப்ரானோ மெட்டைப் பாடத் தொடங்கியதும் தன் குரல் அதன் பின்னாலேயே ஓடிவிடுகிறது என்று இரண்டு மாதம் வருத்தப்பட்டாள். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு சமையலறையில் தன் வரியை மட்டும் பாடிப் பாடிப் பழகினாள். டிசம்பரில் நடந்த கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான்கு குரல்களும் ஒன்றாக எழுந்தபோது, அவளுடைய வரி எது என்று எனக்குப் பிரித்துக் கேட்கத் தெரிந்தது. வீட்டில் அத்தனை முறை கேட்டிருந்தேன்.

மேல்நாட்டு முறையோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும் கற்றுக்கொடுக்கிறார்கள். 1774-இல் பிறந்து, ஜெர்மன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்ற அவர், கிறிஸ்தவ வழிபாட்டைத் தமிழ் இராகங்களில் அமைத்தவர் என்பதை இசை ஆசிரியர் அழகாகச் சொல்கிறார். ஒரே வகுப்பில் இராகத்தையும் நான்கு குரல் இசையையும் கேட்கும் வாய்ப்பு நம் பக்கத்துப் பள்ளிகளில் வேறு எங்கும் எளிதாகக் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

மூன்றாவது, வேத ஆய்வு, அதாவது பைபிள் படிப்பு. உறவினர்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைப் பற்றித்தான். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிலையத்தில் படிப்பவரை, அவரது இசைவோ, வயது நிரம்பாதவரெனில் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவோ இன்றிச் சமயக் கல்வியில் பங்கேற்கச் சொல்லக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு. பள்ளி இதை எழுத்தளவில் விட்டுவிடாமல் நடைமுறையிலும் காக்கிறது. சேர்க்கைப் படிவத்திலேயே வேத பாடமா, நன்னெறியா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். நாங்கள் நன்னெறி என்று எழுதினோம். ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூட அதை மாற்றிக்கொள்ளும்படி எவரும் சொன்னதில்லை. விருப்பப் பாடப் பட்டியலில் வரும் வேத ஆய்வும் கேட்டு வருபவர்களுக்கு மட்டுமே.

கணக்குப் பதிவு, முதலுதவி, காய்கறித் தோட்டம் ஆகிய மூன்றும் சுமாருக்கு மேல். கணக்குப் பதிவில் டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் கற்றுத்தருகிறார்கள். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்கள் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி என்பதுவரை பிள்ளைகள் சொல்கிறார்கள். காமர்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு மிகவும் பயன்படும். இத்தோடு ஆறு பாடங்களின் பட்டியல் நிறைந்துவிட்டது என்றாலும், இவற்றுக்குப் புறம்பாகச் சென்ற ஆண்டு புதிதாகச் செயற்கை நுண்ணறிவு என்று ஒன்றைச் சோதனை முறையில் தொடங்கினார்கள். நாற்பது பேருக்குப் பதினான்கு கணினிகள். பெரும்பாலான நாட்களில் குறிப்பேட்டில் எழுதிவந்ததே மிச்சம். பெயரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இனிக் குறைக்கு வருகிறேன். விருப்பப் பாடம் என்று பெயர் இருந்தாலும், இடத்தைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரிசைப்படி ஒதுக்குகிறார்கள். என் மகள் முதல் ஆண்டில் எழுதிக் கொடுத்தது ஆடையியல். அதில் இருபத்து நான்கு இடங்கள்தான் என்பதால் கிடைத்தது பாடகர் குழு. அது அவளுக்கு நன்றாகவே அமைந்தது என்றாலும், தையலை விரும்பும் பிள்ளைக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தது என்பதற்காகத் தையல் அறையை மூடுவது சரியாகாது. இயந்திரத்தில் கை நன்றாக ஓடும் பிள்ளைகள் பலர் அந்த வரிசையின் கடைசியில்தான் இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வெள்ளிக்கிழமைப் பாடவேளைகளைத் திருப்புதல் தேர்வுகளுக்கு எடுத்துக்கொள்வது. ஆடையியல் கையேட்டில் 30 வகுப்புகள் என்று அச்சிட்டிருந்தது. மகளின் நோட்டில் தேதிகளை எண்ணினேன், நடந்தவை 17. அளவெடுத்துக் காகிதத்தில் பேட்டர்ன் வெட்டும் பகுதி முழுவதும் விடுபட்டுப் போயிற்று. ஆண்டுக் கட்டணம் 1,500 ரூபாயைத் துணிக்கும் நூலுக்கும் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. வகுப்பு நடக்காததில்தான் வருத்தம். தலைமை ஆசிரியையைப் பார்த்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அவர், "பரீட்சை நெருங்கினா பெத்தவங்களே வந்து அந்த நேரத்தையும் பாடத்துக்குக் குடுங்கன்னு கேக்கறாங்க சார்" என்றார். அவர் சொன்னது உண்மை. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அப்படிக் கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன், அன்று எதிர்த்துப் பேசாமல் நானும் உட்கார்ந்திருந்தேன்.

பிளஸ் டூவில் அந்த நெருக்கடியை ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. பிளஸ் ஒன்னுக்கு இனி அந்தக் காரணம் செல்லாது. 2017-18-இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் அரசு நீக்கிவிட்டது. ஆகவே அந்த ஓராண்டிலாவது ஜூனிலிருந்து மார்ச் வரை வெள்ளிக்கிழமைகளை விட்டுவைக்க வேண்டும் என்று இந்த மாதக் கூட்டத்தில் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். உடன் ஒன்பது பெற்றோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தாளாளரின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். நீங்கள் அங்கே சேர்ப்பதாக இருந்தால், சென்ற ஆண்டு எத்தனை வகுப்புகள் நடந்தன என்று அந்தந்தப் பாடத்தின் ஆசிரியரிடமே கேளுங்கள். வருகைப் பதிவேட்டைக் காட்டத் தயங்க மாட்டார்கள்.

இவ்வளவு குறைக்குப் பிறகும் இளையவனை அங்கேயே சேர்க்கிறேன். படிவத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். முதல் இடத்தில் பாடகர் குழு, இரண்டாம் இடத்தில் ஆடையியல் என்று அவனே எழுதிவிட்டான். குரல் இப்போதுதான் உடைந்துகொண்டிருப்பதால், டெனரில் நிற்பானா பேஸில் நிற்பானா என்பதை ஆகஸ்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இசை ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.