பல் மருத்துவக் கல்லூரிக்கு முன் ஒரு வருட பயோமெடிக்கல் மாஸ்டர்ஸ்: படித்துப் பார்த்ததில் தெரிந்தது

என் இளநிலை ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.08. அறிவியல் பாடங்களை மட்டும் எடுத்தால் 2.86. இந்த எண்ணோடு 2021இல் 11 அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். ஒரு இடத்திலிருந்துகூட நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. 2024இல் அதே இளநிலை எண்ணோடு திரும்ப விண்ணப்பித்தேன். நான்கு நேர்காணல், இரண்டு இடத்தில் சீட். இரண்டுக்கும் நடுவில் நான் படித்தது ஒரு வருட பயோமெடிக்கல் சயன்சஸ் மாஸ்டர்ஸ். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மிட்வெஸ்ட்டில், பல் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தே உள்ள ஒரு பல்கலைக்கழகம். சில குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

மதுரையில் பிளஸ் டூ முடித்து 2017இல் அப்பா வேலையோடு நியூஜெர்சிக்கு வந்தவள் நான். முதல் இரண்டு வருஷம் பேராசிரியர் பேசும் வேகத்துக்குக் குறிப்பெடுக்கவே திணறினேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி மைனஸ். திரும்ப எடுத்து பி வாங்கினேன். பழையது போய்விடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். போகாது. பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆட்சாஸ், ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தால் இரண்டு மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். உங்கள் கல்லூரி தன் மார்க் ஷீட்டில் பழையதை நீக்கியிருந்தாலும் சரி, ஆட்சாஸ் நீக்காது.

பிறகு ஒருநாள் ராத்திரி காகிதத்தில் கணக்குப் போட்டேன். என்னிடம் இருந்தது 128 கிரெடிட். 3.08ஐ 3.3க்குத் தூக்க வேண்டுமானால் இன்னும் 40 கிரெடிட் இளநிலைப் பாடங்கள் எடுத்து, அத்தனையிலும் ஏ வாங்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்கப்புறமும் 3.3தான். சேர்கிற மாணவர்களின் சராசரி 3.5க்கு மேல் இருக்கும் இடத்தில் அந்த 3.3 என்ன செய்யும்?

மாஸ்டர்ஸ் படித்தால் மட்டும் பழைய எண் மாறிவிடுமா? மாறாது. ஆட்சாஸில் இளநிலை ஒரு வரி, முதுநிலை வேறு வரி. முதுநிலையில் 3.8 வாங்கினாலும் இளநிலை வரியில் 3.08 அப்படியே நிற்கும். பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். ஜி.பி.ஏ.வைக் கழுவுவதற்கு இந்தப் படிப்பு உதவாது. ‘அன்றைக்கு அப்படி, இன்றைக்கு இவளால் முடியும்’ என்று சேர்க்கைக் குழு நம்புவதற்கு ஒரு சாட்சி கிடைக்கும். நான் கட்டிய 45 ஆயிரம் டாலரும் அந்த ஒரு சாட்சிக்குத்தான். எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதையும் இதை வைத்தே முடிவு செய்தேன்: அந்தச் சாட்சியைப் பல் மருத்துவக் கல்லூரி எவ்வளவு தூரம் நம்பும்?

பெயரைப் பார்த்து நானும் முதலில் மயங்கினேன். வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுனின் ஃபிசியாலஜி மாஸ்டர்ஸ் இந்த வகைப் படிப்புகளில் மிகவும் பேர்பெற்றது. ஆனால் அங்கே பல் மருத்துவக் கல்லூரி 1990இலேயே மூடப்பட்டுவிட்டது. எம்.டி. (அங்கே பொது மருத்துவப் பட்டம்) படிக்கப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். எனக்கு, பக்கத்துக் கட்டடத்தில் பல் மருத்துவம் இருக்க வேண்டும் என்று பட்டது. அப்புறம் பட்டியலைத் திரும்பப் போட்டேன். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஓரல் ஹெல்த் சயன்சஸ் என்றே பல் மருத்துவத்தை நோக்கிய தனி மாஸ்டர்ஸ் இருக்கிறது. பாஸ்டனிலேயே டஃப்ட்ஸில் பயோமெடிக்கல் மாஸ்டர்ஸும் உண்டு, பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. மிட்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு இல்லினாய், அரிசோனா என இரண்டு வளாகம், இரண்டிலும் பல் மருத்துவம். எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் நியூவர்க்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம்.

நான் சேர்ந்த இடத்தை முடிவு செய்ய வைத்தது ஒரே ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில். எல்லா அட்மிஷன் அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன்: ‘உங்கள் மாஸ்டர்ஸ் மாணவர்கள் முதலாண்டுப் பல் மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளை எழுதுகிறார்களா?’ சில இடங்களிலிருந்து, ‘மருத்துவக் கல்லூரிக்கு இணையான பாடத்திட்டம்’ என்று பதில் வந்தது. இணையான பாடத்திட்டம் வேறு, ஒரே கேள்வித்தாள் வேறு. ஒரு இடம் மட்டும், பயோகெமிஸ்ட்ரி, ஹிஸ்டாலஜி, கிராஸ் அனாடமி மூன்றும் டி1 (முதலாண்டு) மாணவர்களோடு சேர்ந்துதான் என்றும், வகுப்புச் சராசரிக்கு நான் எங்கே நிற்கிறேன் என்பதை டீன் அலுவலகம் கடிதமாகவே கொடுக்கும் என்றும் எழுதியது. அங்கேதான் பணம் கட்டினேன்.

இந்த விஷயத்தில் அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். 2023 ஆகஸ்ட்டில் வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரமே பயோகெமிஸ்ட்ரி பரீட்சை. டி1 மாணவர்கள் நூறு பேர் ஒரு பக்கம், நாங்கள் 90 பேர் ஒரு பக்கம். கற்றுக்கொடுத்தவர்கள் எங்களைத் தனி ஜாதியாக நடத்தவில்லை. சந்தேகம் கேட்க அறைக்குப் போனால் உட்கார வைத்து, போர்டில் எழுதிச் சொன்னார்கள். மாஸ்டர்ஸ் மாணவி என்று ஒருநாளும் கதவைச் சாத்தியதில்லை.

அக்டோபரில் ஒருநாள் அனாடமி லேப். எங்கள் மேசையில் இருந்தது உடல்தானம் செய்த ஒரு வயதான அம்மா. கீழ்த்தாடை எலும்பின் மேல்பகுதியை அறுத்து விலக்கிவிட்டு, தசையை மெல்ல மெல்ல நீக்கிக்கொண்டே போனோம். லேட்டரல் டெரிகாய்டு தசையின் கீழ் விளிம்பிலிருந்து இரண்டு வெள்ளை நரம்புகள் இறங்கி வந்தன. முன்னால் இருப்பது நாக்குக்குப் போகிறது. பின்னால் இருப்பது எலும்பின் உட்பக்கத்தில் உள்ள சின்னத் துளைக்குள் நுழைந்து கீழ்ப்பற்களுக்குப் போகிறது. அதற்கு முன் ஒன்றரை வருஷம் ஒரு கிளினிக்கில் டென்டல் அசிஸ்டன்ட்டாக வேலை பார்த்திருந்தேன். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு மரப்பு ஊசி போடும்போது சக்ஷன் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். ‘உதடு மரத்துவிட்டதா?’ என்று டாக்டர் கேட்பார். சிலர் இல்லை என்பார்கள். இன்னொரு ஊசி. அது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அன்றைக்கு எங்கள் மேசையிலும் பக்கத்து மேசையிலும் மரப்பு மருந்து போய்ச் சேர வேண்டிய அந்தத் துளையைத் தேடிப் பார்த்தோம். இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. கையுறை போட்ட விரலால் அந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். நான் படிக்க வந்தது இதைத்தான் என்று அந்த நிமிஷம் நிச்சயமாகத் தெரிந்தது.

பிராக்டிகல் பரீட்சையில் ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு நிமிஷம். குண்டூசி குத்தியிருக்கும் இடத்தின் பெயரை எழுத வேண்டும், மணி அடித்ததும் நகர வேண்டும். வகுப்புச் சராசரி 78, எனக்கு 86. அந்த நரம்பும் கேள்வியில் வந்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

விளம்பரத் தாளில் ‘நேர்காணல் உறுதி’ என்று போட்டிருந்தார்கள். அதற்கு மாஸ்டர்ஸில் 3.6 வேண்டும், எந்தப் பாடத்திலும் பி-க்குக் கீழே போகக்கூடாது, பல் மருத்துவ நுழைவுத் தேர்வான டி.ஏ.டி.யிலும் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு என்பதெல்லாம் பணம் கட்டிய பிறகு, ஓரியன்டேஷன் அன்றுதான் தெரிந்தது. நிபந்தனை வைப்பதில் தவறில்லை, முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் லேப் மேசையில் இருந்த ஒரு பையன் ஹிஸ்டாலஜியில் சி வாங்கினான். அவனுக்கு அந்த உறுதி டிசம்பரிலேயே முடிந்துபோனது, மிச்ச வருஷத்துக்கு முழுப் பணமும் கட்டினான். இந்தப் படிப்பில் சுமாராகச் செய்தால் ஒன்றும் செய்யாமல் இருந்ததைவிட மோசம். ‘எங்கள் பாடம் இவனுக்கு வரவில்லை’ என்பதற்கும் அதுவே சாட்சியாகிவிடும். இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடுவதும் எளிதல்ல.

அடுத்தது, ஆலோசகர். 90 பேரில் பல் மருத்துவத்துக்குப் போகிறவர்கள் 14 பேர்தான், மற்றவர்கள் எம்.டி., டி.ஓ. என்ற பொது மருத்துவப் படிப்புகளுக்கு. ஆலோசகருக்கு மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் தலைகீழாகத் தெரியும். டி.ஏ.டி.யில் கோணங்களை வரிசைப்படுத்துவது, மடித்த தாளில் துளை போட்டால் விரித்ததும் எங்கே தெரியும் என்று கண்டுபிடிப்பது, கனசதுரங்களை எண்ணுவது என 90 கேள்விகள் கொண்ட ஒரு பகுதி இருப்பதே அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும். அதற்கு நாங்கள் 14 பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோம்.

எனக்கு இன்றும் வருத்தம் தருவது கடிதம் வந்த தாமதம். சேர்க்கை வரிசையாக நடப்பது, முன்னால் வருகிற கோப்பை முன்னால் பார்ப்பார்கள். 2024 ஜூன் முதல் வாரமே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். டீன் அலுவலகக் கடிதம் ஆகஸ்ட் பாதியில்தான் போய்ச் சேர்ந்தது. கடிதம் இல்லாமலும் ஆட்சாஸ் விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்பிவிடும், ஆனால் கோப்பு முழுமையாகாமல் பல கல்லூரிகள் தொடுவதில்லை. பத்து வாரம் போனது. ஏப்ரலிலேயே வாரம் ஒரு முறை நேரில் போய் நின்றிருக்க வேண்டும். நீங்கள் சேர்ந்தால் அப்படிச் செய்யுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

காலக்கணக்கையும் யோசித்துக்கொள்ளுங்கள். படிப்பு தொடங்கும் முன் ஜூனில் விண்ணப்பித்தால் காட்டுவதற்கு முதுநிலை மதிப்பெண்ணே இருக்காது, முதல் செமஸ்டர் மதிப்பெண் வருவதற்குள் டிசம்பர் நடுவில் முதல் சுற்று சீட்டுகள் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். படித்து முடித்து விண்ணப்பித்தால் நடுவில் ஒரு வருஷம் சும்மா நிற்கும். 3.0ஐ ஒட்டி இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது என்பேன். நான் அந்த வருஷம் பழைய கிளினிக்கிலேயே வேலைக்குப் போனேன்.

நேர்காணலில் மூன்று இடங்களில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி சி மைனஸைக் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். ‘இப்போது ஏன் நம்ப வேண்டும்?’ என்று ஒருவர் நேராகவே கேட்டார். ‘உங்களைப் போன்ற ஒரு கல்லூரியின் டி1 மாணவர்களோடு மூன்று பாடம் எழுதினேன், மூன்றிலும் சராசரிக்கு மேல், கடிதம் உங்கள் கையில் இருக்கிறது’ என்றேன். அவர் கோப்பைப் புரட்டி அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தார். அந்தக் கல்லூரியில்தான் இப்போது படிக்கிறேன். கைத்திறன் பற்றியும் கேட்டார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் என் அத்தையிடம் எட்டு வயசிலேயே வாழைநாரில் மல்லி கட்டக் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். காம்பு நசுங்காமல், முடிச்சு தளராமல் கட்ட வேண்டும் என்றதும், எப்படி என்று விரலால் காட்டச் சொன்னார்கள்.

இனி சேர்கிறவர்கள் பண விஷயத்தில் என்னைவிட நிதானமாக இருக்க வேண்டும். நான் படித்தபோது அரசுக் கடனில் 20,500 டாலர் போக மிச்சத்துக்கு கிராட் ப்ளஸ் என்ற இன்னொரு அரசுக் கடன் கிடைத்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் ப்ளஸ் கிடையாது. மாஸ்டர்ஸுக்கு வருஷத்துக்கு 20,500 மட்டும். பல் மருத்துவத்துக்கு வருஷத்துக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர். மாஸ்டர்ஸுக்கு வாங்கியது அந்த 2 லட்சத்தில் கழியும். அதாவது இந்த ஒரு வருஷத்துக்கு வாங்கும் ஒவ்வொரு டாலரும் பின்னால் பல் மருத்துவத்துக்குக் குறையும், அந்த இடத்தைத் தனியார் கடனால் நிரப்ப வேண்டிவரும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அரசுக் கடனே கிடையாது. எனக்கு கிரீன் கார்டு வந்திருந்ததால்தான் இது சாத்தியமானது.

எடிசனில் இருக்கும் சித்தி மகன் போன மாதம் கூப்பிட்டான். ‘அக்கா, நானும் அந்த மாஸ்டர்ஸில் சேரட்டுமா?’ என்றான். ஜி.பி.ஏ. 3.45, கடைசி இரண்டு வருஷம் ஏறுமுகம். டி.ஏ.டி. மட்டும் கீழே, அதையும் இரண்டே வாரம் படித்து எழுதியிருக்கிறான். 2025 மார்ச்சிலிருந்து மதிப்பெண் 200 முதல் 600 வரை என்று மாறிவிட்டதால், ‘20 வாங்கினால் போதும்’ என்று சீனியர்கள் சொன்னது எதுவும் அவனுக்குப் பொருந்தவில்லை, குழம்பிப் போயிருந்தான். சேராதே என்றேன். உன் வகுப்பு மதிப்பெண்ணே உனக்குச் சாட்சி, இன்னொன்றை 45 ஆயிரம் கொடுத்து வாங்க வேண்டாம், மூன்று மாதம் ஒழுங்காகப் படித்து பரீட்சையை மட்டும் திரும்ப எழுது என்றேன். சித்திக்கு மனசில்லை, மாஸ்டர்ஸ் என்றால் கையில் ஒரு பட்டமாவது இருக்குமே என்றார். அரை மணி நேரம் பேசிப் புரியவைத்தேன். நேற்று பரீட்சை நடத்தும் பிராமெட்ரிக் மையத்தில் தேதி வாங்கிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தான். என் பழைய கனசதுரக் குறிப்புகளை ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.