ஸ்டோரிவீவர்: காட்டு விலங்கையும் புயலையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உதவுமா?

பெங்களூருவில் இயங்கும் சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய இணையதளம் ஸ்டோரிவீவர். படக்கதைகளைத் தமிழிலேயே காசில்லாமல் வாசிக்கலாம். வாசிக்க மட்டும் என்றால் பதிவுகூட வேண்டாம். மொழியையும் படிநிலையையும் தேர்ந்தெடுத்துவிட்டு யானை, புலி, புயல், நிலநடுக்கம் என்று தேடுங்கள். முதல் படிநிலைக் கதைகள் 250 சொற்களுக்குள் அடங்கும், இரண்டாவது 600 வரை போகும். விலங்குக் கதைக்கு முதல் படி போதும். பேரிடர் என்றால் இரண்டிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் 250 சொல்லுக்குள் புயல் வரும், போகும். ஏன் வந்தது என்று சொல்ல இடமிருக்காது.

கதை கிடைத்ததும் மடமடவென்று வாசித்து முடிப்பதில்தான் பெரும்பாலும் பிசகுகிறது. முதல் நாள் நிறுத்தாமல் வாசியுங்கள். இரண்டாம் நாள் மூன்றே இடங்களில் நிறுத்திக் கேளுங்கள். அதற்கு மேல் கேட்டால் கதை பரீட்சையாகிவிடும். மூன்றாம் நாள் எழுத்தை மறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்துப் பிள்ளையையே சொல்லவிடுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில் கவனம் வேண்டும். முடிவு தெரிவதற்கு முந்தைய பக்கம்தான் சரியான இடம். புயல் கதையில் காற்று சட்டென்று அடங்குகிறதா? பக்கத்தைத் திருப்பாதீர்கள். "இப்ப வெளியே போகலாமா?" என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் "போகலாம்" என்றுதான் சொல்வார்கள். புயலின் கண், அதாவது காற்றில்லாத நடுப்பகுதி, தலைக்கு மேலே நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மறுபடி அடிக்கும் என்பதை அந்த இடத்தில் சொன்னால்தான் மனதில் நிற்கும். ஆழிப்பேரலைக் கதையில் கடல் உள்வாங்கிக் கிளிஞ்சல் தெரியும் பக்கமும் இப்படித்தான். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்துக் கடற்கரையில் கடல் நுரைத்ததைப் பார்த்து ஆபத்தை அடையாளம் கண்டு எச்சரித்த பிரிட்டன் சிறுமி டில்லி ஸ்மித்துக்கு அப்போது வயது 10. இரண்டு வாரம் முன்பு வகுப்பில் படித்திருந்த பாடம் அது.

நிலநடுக்கம் என்றால் வாசிப்போடு விடக்கூடாது. மேசைக்கடியில் புகவைத்து, ஒரு கையால் மேசைக் காலைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தலையை மறைத்துக்கொள்வார்கள், காலைப் பிடிக்க மறந்துவிடுவார்கள். தரை ஆடும்போது மேசை நகரும். பிடித்திருந்தால்தான் கூடவே நகர முடியும்.

இனி குறை. பதிவு செய்தவர் யாரும் மொழிபெயர்த்து வெளியிடலாம் என்பதால் தமிழ் ஒரே தரத்தில் இராது. சில கதைகளில் வாக்கியம் நாக்கில் தடுக்கும். விலங்குப் பெயர்களைக் கட்டாயம் சரிபாருங்கள். 'சிறுத்தை' என்று போட்டிருந்தால் படத்தில் புள்ளியைக் கவனியுங்கள்: உள்ளே வெளிறிய வளையங்களாக இருந்தால் சிறுத்தை. கெட்டியான கரும்புள்ளியும் கண்ணோரத்திலிருந்து வாய்வரை கறுப்புக் கோடும் இருந்தால் அது சிவிங்கிப்புலி. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் உலவும் காட்டுமாட்டைக் காட்டெருமை என்று சொல்வதும் பரவலான தவறு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல் இருப்பது காட்டுமாடு. காட்டெருமை வேறு விலங்கு; அது அசாம், சத்தீஸ்கர் பக்கம் வாழ்கிறது.

தவறு கண்டால் திருத்த வழியும் இங்கேயே உண்டு. கதைகள் பெரும்பாலும் பிறர் பகிரவும் மாற்றவும் இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டுவிட்டு நீங்களே திருத்திய பதிப்பை வெளியிடலாம், அச்சடித்தும் கொடுக்கலாம். விலை கொடுத்து வாங்கும் புத்தகத்தில் இந்த வசதி கிடையாது. இதற்காகவே தமிழ் ஆசிரியர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

கைபேசியில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குமேல் சேர்ந்து பார்க்க முடியாது. வகுப்புக்கு பி.டி.எஃப் எடுத்து, ஏ4 தாளில் பக்கத்துக்கு ஒன்றாக அச்சிடுங்கள். தாள் மிச்சம் பிடிக்க நான்கு பக்கத்தை ஒன்றில் அடக்கினால் எழுத்தும் படமும் சிறுத்து, மூன்றாம் நாள் படம் பார்த்துக் கதை சொல்லும் வேலை நடக்காது. பேரிடர்க் கதையைத் தூங்கும் நேரத்தில் எடுக்காதீர்கள், பயம் தங்கிவிடும். பகலில் வாசித்து, கையோடு ஒரு பையில் டார்ச், தண்ணீர், விசில், பிஸ்கட் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணைப் பிள்ளையே ஒரு அட்டையில் எழுதி அந்தப் பைக்குள் போடட்டும்.