இன்ஸ்டாகிராமின் ‘லிமிட்’, ‘ஹிட்டன் வேர்ட்ஸ்’: விளையாட்டு வீரர்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

2021 யூரோ இறுதிப்போட்டியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்து கால்பந்து வீரர்கள் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவரின் பக்கங்களிலும் இனவெறியோடு குரங்கு எமோஜிகள் குவிந்தன. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ‘லிமிட்’ வசதியை எல்லோருக்கும் திறந்தது. நம்மைப் பின்தொடராதவர்கள், அண்மையில்தான் பின்தொடரத் தொடங்கியவர்கள் ஆகியோரின் கமெண்டுகளையும் மெசேஜ் ரிக்வெஸ்டுகளையும் இது மறைத்துவிடும். தோற்ற இரவில் தேடிவந்து திட்டுகிற கூட்டத்துக்கு இதைவிட நல்ல தடுப்பு அந்தச் செயலியில் இல்லை. ஆட்டத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். தோற்றபின் செட்டிங்ஸைத் தேடும் நிதானம் யாருக்கும் இருக்காது.

‘ஹிட்டன் வேர்ட்ஸ்’ என்பது குறிப்பிட்ட சொற்கள் உள்ள கமெண்டுகளையும் மெசேஜ் ரிக்வெஸ்டுகளையும் மறைக்கும் வசதி. அதைத் தயார் செய்யாமல் விட்டால் முழுதாகக் கைகொடுக்காது. அதில் ‘கஸ்டம்’ பட்டியலை நாமே நிரப்ப வேண்டும். ‘நாயே’ என்ற ஒரு சொல்லையே ஆங்கில எழுத்தில் ‘naye’, ‘naaye’, ‘naayee’ என்று விதவிதமாக அடிப்பார்கள். அத்தனை எழுத்துக்கூட்டலையும், தமிழ் எழுத்து வடிவத்தையும், எமோஜிகளையும் காற்புள்ளி போட்டுப் பிரித்துச் சேர்க்க வேண்டும். பந்தயச் சொற்களை மறக்கக்கூடாது. 2024-இல் டென்னிஸ் வீரர்களுக்கு வந்த வசவுகளில் சுமார் 40 சதவீதம், பந்தயத்தில் பணம் விட்டவர்கள் அனுப்பியவை.

பெரிய குறை ஒன்று உண்டு. மறைப்பது என்றால் அழிப்பது அல்ல. கொலை மிரட்டலும், மறைக்கப்பட்ட மெசேஜ்கள் போய்ச்சேரும் ‘ஹிட்டன் ரிக்வெஸ்ட்ஸ்’ பெட்டிக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். வீரர் அதைத் திறக்க வேண்டாம். பயிற்சியாளரோ வீட்டில் ஒருவரோ தினமும் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். உடல் தீங்கு, முகவரி, குடும்பத்தார் பெயர் வந்தால் உடனே பிளாக் செய்யக்கூடாது. முதலில் யூசர்நேம், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட். புரொஃபைல் லிங்கையும் தனியாகக் காப்பி செய்துகொள்ள வேண்டும். அடுத்து மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார். பிறகுதான் பிளாக். அப்போதும், அந்த ஆள் புதிதாகத் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் தேர்வை அழுத்த வேண்டும்.

வீரரின் கணக்கை மட்டும் பூட்டினால் போதாது. 2021 டி20 உலகக் கோப்பையின்போது கோலியின் கைக்குழந்தைக்கே பாலியல் மிரட்டல் வந்தது, அதுவும் ட்விட்டரில் (இப்போது எக்ஸ்). இன்ஸ்டாகிராம் வடிகட்டி அங்கே எட்டாது. தயாரித்த பட்டியலை நோட்ஸில் வைத்துக்கொண்டு, மனைவி, தங்கை கணக்குகளிலும் அப்படியே ஒட்டிவிடுங்கள்.