‘பிரம்மி’ன்னு இருந்தா டப்பாவோட பின்பக்கத்தைப் படிங்க

பொதுத்தேர்வு நெருங்கினா ஈரோடு, நாமக்கல் பக்கம் பெத்தவங்க கைக்கு இந்த மாதிரி டப்பா வந்துடுது: ‘பிரம்மி, 60 கேப்சூல், ஒரே வாரத்துல ஞாபகசக்தி’. ஒரு குடும்பம் 1,800 ரூபாய் குடுத்து வாங்கியிருக்கு. பின்பக்கம் பொடி எழுத்துல இருந்தது ‘சென்டெல்லா ஆசியாட்டிகா பொடி 500 மி.கி.’. அது வல்லாரைங்க!

வடக்க வல்லாரை, நீர்ப்பிரம்மின்னு ரெண்டு செடிக்கும் பிரம்மின்னே பேரு. அந்தக் குழப்பத்தை வெச்சுத்தான் விக்கறாங்க. நீர்ப்பிரம்மின்னா ‘பகோபா மொனியெரி’ன்னு இருக்கணும். பச்சையா இருந்தா அடையாளம் தெரியும்: வல்லாரை இலை நீளக் காம்புல வட்டமா, ஓரம் பல்லுப்பல்லா இருக்கும்; நீர்ப்பிரம்மி இலை சின்னதா, தடிப்பா, காம்பில்லாம ஜோடி ஜோடியா வரும், நல்லாக் கசக்கும். பொடியாக்கிட்டா கண்ணால பிரிக்க முடியாது. வல்லாரை நல்ல கீரைதான், சந்தையில கட்டுக் கணக்குல கெடைக்குது. அதுக்கா இந்த வெலை?

அடுத்தது பொடியா, சாரமா. நீர்ப்பிரம்மி ஆய்வுகள்ல பெரும்பாலும் குடுத்தது, பாகோசைடு (நீர்ப்பிரம்மியில வேலை செய்யற சத்து) அளவு உறுதிசெஞ்ச சாரம், தெனம் 300 மி.கி., 12 வாரம். வெறும் இலைப்பொடியில பாகோசைடு சில சதவீதந்தான். அதனால ‘500 மி.கி.’ங்கற எண்ணைப் பாத்து ஏமாறாதீங்க. ‘சாரம்’னும் பாகோசைடு சதவீதமும் போட்டிருக்கான்னு பாருங்க. ஒரு வாரத்துல மார்க் ஏறும்னா அது பொய்.

டப்பா இல்லாம சாக்குல வர்ற பொடி இன்னும் மோசம். ரெண்டு செடியுமே ஈரத்துல வளர்றது. நீர்ப்பிரம்மி தண்ணியில இருக்கற காட்மியம், ஈயத்தை உறிஞ்சி வெச்சுக்கும். சாயக்கழிவு ஓடின நொய்யல் கரையிலயோ சாக்கடை ஓரத்துலயோ பறிச்சதைப் பிள்ளைக்குக் குடுத்துடாதீங்க. எங்க வெளஞ்சதுன்னு சொல்லத் தெரியாதவங்ககிட்ட வாங்கவே வேண்டாம்.

இதுகூடவே அமுக்கராவையும் (அஸ்வகந்தா) சேத்து விக்கறாங்க. வேர்தான் மருந்து, இலையைச் சேக்க வேண்டாம்னு ஆயுஷ் அமைச்சகம் 2021லயே சொல்லிடுச்சு. தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்க, கர்ப்பிணிங்க, கல்லீரல் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது. நீர்ப்பிரம்மியை வெறும் வயித்துல குடுத்தா குமட்டலும் பேதியும் வரலாம். பரீட்சைக்கு முந்தின நாள் புதுசா ஆரம்பிக்காதீங்க.

உரிம எண், பேட்ச் எண், தேதி இல்லாத டப்பாவைக் கடையிலயே திருப்பிக் குடுங்க. பில் கண்டிப்பா வாங்குங்க. ஏமாந்திருந்தா டப்பாவைத் தூக்கிப் போடாம பில்லோட வெச்சுக்கிட்டு, நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிடுங்க.