இலவசமா தண்ணி டெஸ்ட் பண்றோம்னு வந்தா உள்ள விடாதீங்க, எனக்கு 18,500 போச்சு

ஈரோடு பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் படிச்சுட்டு போங்க. போன மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீட்டுல நானும் மாமியாரும்தான் இருந்தோம், டை எல்லாம் கட்டிட்டு ஒரு பையன் வந்து "அக்கா வாங்கவே வேண்டாம், டெஸ்ட் மட்டும் பாருங்க"ன்னான். வெயில்ல வந்திருக்கானேன்னு உள்ள விட்டேன், அங்கயே தப்பு.

ரெண்டு கிளாஸ் கேட்டான். ஒன்னுல எங்க குழாய்த் தண்ணி, இன்னொன்னுல அவன் விக்கற சுத்திகரிப்பு மெஷின்ல புடிச்சு பாட்டில்ல கொண்டாந்த தண்ணி. நாலு கம்பி தொங்கற ஒரு டப்பாவ எடுத்து ஒவ்வொரு கிளாஸ்லயும் ரெண்டு கம்பி முங்கற மாதிரி வெச்சு பிளக்குல சொருகினான். கொஞ்ச நேரத்துல எங்க தண்ணி பச்சையா நுரைச்சு அப்படியே துருப்பிடிச்ச சகதியா மாறுது, அவன் தண்ணி பளிங்கு மாதிரி நிக்குது. "இதைத்தான் பாட்டி தினமும் குடிக்கறாங்க"ன்னான் பாருங்க. சாயப்பட்டறைக் கழிவுன்னு கேட்டுக்கேட்டே வளர்ந்த ஊருங்க இது, வயித்தைக் கலக்காம என்ன பண்ணும்.

அதோட விட்டானா? குழாய் ப்ரஷர்ல வர்றப்ப தண்ணி மூலக்கூறு வளைவு போயி நேராயிடுதாம், இவங்க கார்ட்ரிட்ஜ் அதை திரும்ப வளைச்சு அறுகோணமா அடுக்குமாம், அப்பதான் உடம்புல ஒட்டுமாம். மெஷின் 14,300, கார்ட்ரிட்ஜ் தனியா 4,200. பத்தாயிரம் ஜிபே, மிச்சத்தை கையில குடுத்தேன். பில் ஆபீஸ்ல இருந்து வரும்னான். இன்னும் வந்துட்டே இருக்கு.

சாயந்தரம் பொண்ணு வந்தா, பிளஸ் ஒன் படிக்கறா, அவன் குடுத்துட்டுப் போன நோட்டீஸைப் பாத்துட்டு சிரிக்கறா. "ஏம்மா, ஆக்ஸிஜன்ல ரெண்டு ஜோடி எலக்ட்ரான் பிணைப்புல சேராம இருக்கும், அது தள்ளறதுலதான் ரெண்டு ஹைட்ரஜனும் 104.5 டிகிரில நிக்குது. குழாய் ப்ரஷர் அதை என்ன பண்ணும்? நேராயிருந்தா கார்பன் டை ஆக்ஸைடு மாதிரி ரெண்டு பக்க இழுப்பும் கேன்சல் ஆகி, ஒரு பக்கம் பிளஸ் ஒரு பக்கம் மைனஸ்ங்கற முனைவே இருக்காது, ரசத்துல நீ போடற உப்பு கரையவே கரையாது." அறுகோண அடுக்கு ஐஸ் கட்டில உண்டாம், திரவத்துல ஒரு மூலக்கூறை அடுத்ததோட புடிச்சு வெக்கற ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு நொடில லட்சம் கோடில சில பங்கு நேரத்துக்குள்ள எல்லாம் அறுந்து அறுந்து ஒட்டுமாம், அதை அடுக்கி வெச்சு டம்ளர்ல ஊத்தறதெல்லாம் கதைன்னா.

சகதி கதைதான் எனக்கு உறைச்சுது. பொண்ணு சொன்னது இதான்: உப்பு கரையறப்ப அயனியா, அதாவது மின்னூட்டம் உள்ள துகளா பிரிஞ்சு தண்ணி அதைச் சுத்தி நின்னுக்கும், கரண்ட்டைக் கடத்தறது அந்த அயனிதான். அவன் தண்ணில அயனி ரொம்ப கம்மி, கரண்ட் போகவே வழியில்ல. எங்க தண்ணில உப்பு கரைஞ்சிருக்கறதால போச்சு, போனதும் இரும்புக் கம்பியே கரைஞ்சு துருவா இறங்குச்சு. அதாவது அந்த அழுக்கு எங்க தண்ணில இருந்து வரல, அவன் கம்பில இருந்து வந்தது! நம்பாம மெஷின் தண்ணிலயே ரெண்டு இரும்பு ஆணியும் 9 வோல்ட் பேட்டரியும் வெச்சுப் பாத்தோம், ஒன்னும் ஆகல. ஒரு சிட்டிகை உப்பு போட்டோம், அரை மணி நேரத்துல அதே சகதி. அப்புறம் தண்ணில கரைஞ்சிருக்கற உப்பை அளக்கற ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிப் பாத்தா எங்க குழாய்த் தண்ணி லிட்டருக்கு 340 மில்லிகிராம், குடிதண்ணிக்கான ஐஎஸ் 10500 தரத்துல 500 வரைக்கும் ஏத்துக்கறாங்க. உப்பைக் குறைக்கன்னு மெஷினே தேவைப்பட்டிருக்காது. போர் தண்ணி ரொம்ப உப்பா இருக்கறவங்களுக்கு ஆர்ஓ தேவைப்படலாம், அது வேற விஷயம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டா போனை எடுக்கல. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல சொல்லியிருக்கேன், பில் கேட்டாங்க, ஜிபே ஸ்க்ரீன்ஷாட்தான் அனுப்பினேன், பதில் வந்தா கீழ சேக்கறேன்.

நேத்து அதே பையன் எங்க பக்கத்து தெருல ஒரு வீட்டுல டப்பாவை விரிச்சு உக்காந்திருந்தான். நேரா போயி, தம்பி உன் பாட்டில் தண்ணில கொஞ்சம் உப்பு போட்டு ஒருக்கா காட்டுன்னேன். "உப்பெல்லாம் போடக்கூடாதுக்கா, வாரண்டி போயிடும்"னு கம்பியைத் துடைச்சு பைக்குள்ள வெச்சுட்டான்.